ஹ்யூம் உண்மையில் என்ன சொன்னார்? இன்னும் முடியாத ஓர் ஆய்வின் கதை

1959-இல் ரிச்சர்ட் பாப்கின் என்ற அமெரிக்கத் தத்துவ வரலாற்றாய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம், தமக்கு முந்திய தத்துவவாதியான பார்க்லியை எப்போதாவது படித்திருக்கிறாரா என்று அதில் கேட்டார். தத்துவம் படித்தவர்களுக்கு இது தலையைச் சுற்றவைக்கும் கேள்வி. லாக், பார்க்லி, ஹ்யூம் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் கல்லூரியில் பாடம் நடக்கும். அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்று லாக் தொடங்கிவைத்தார், பார்க்லி அதை வளர்த்தார், ஹ்யூம் அதன் எல்லைவரை கொண்டுபோனார் என்பது பாடப்புத்தகக் கதை. ஆனால் ஹ்யூமின் எழுத்தில் பார்க்லியின் பெயர் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் வருகிறது. அவரை ஹ்யூம் ஊன்றிப் படித்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பாப்கின் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. போலந்தின் கிராக்கோவ் நகரில் உள்ள சார்தோரிஸ்கி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஹ்யூமின் கடிதங்கள் சில கிடந்தன. தடேயுஷ் கொசானெட்ஸ்கி என்பவர் 1963-இல் அவற்றை வெளியிட்டார். அதில் ஒன்று 1737 ஆகஸ்ட் 26 தேதியிட்டது, நண்பர் மைக்கேல் ராம்சேவுக்கு எழுதியது. ஹ்யூமுக்கு அப்போது 26 வயது. பிரான்சில் தங்கி எழுதிய தம் முதல் நூலின் கைப்பிரதியோடு ஊர் திரும்பும் சமயம். அந்தக் கைப்பிரதியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முன்கூட்டியே இவற்றைப் படித்துவை என்று நண்பருக்கு ஒரு பட்டியல் தருகிறார்: மால்பிரான்ஷின் ‘உண்மையைத் தேடி’, பார்க்லியின் ‘மனித அறிவின் கோட்பாடுகள்’, பேல் எழுதிய அகராதியில் சில கட்டுரைகள், தெகார்த்தின் ‘தியானங்கள்’. பாப்கின் 1964-இல் இன்னொரு கட்டுரை எழுதி, ஆமாம், ஹ்யூம் பார்க்லியைப் படித்திருக்கிறார் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். பார்க்லி இருக்கிறார், சரி. லாக் இல்லை. நான்கில் மூன்று பேர் பிரெஞ்சு எழுத்தாளர்கள். பாப்கின் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த அதே தாளில், லாக்–பார்க்லி–ஹ்யூம் என்ற அழகான வரிசை கலைந்துபோகிறது.

ஹ்யூம் பற்றிய ஆய்வின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது இதுதான். பெரிய கோட்பாடுகள் வந்து அவரைப் பற்றிய சித்திரத்தை மாற்றியது உண்டு. ஆனால் அதே அளவுக்கு, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவே, ஒரு கடிதமும் ஒரு சிறு பிரசுரமும் ஓர் அடிக்குறிப்பும் மாற்றியிருக்கின்றன. அவர் எதிர்த்து நின்ற கருத்துகளைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அவர் எழுதிய தாள்களின் கதை தமிழில் அதிகம் பேசப்படவில்லை என்பதால் அதையே இங்கே பின்தொடர்கிறேன்.

முதலில் ஆளைச் சுருக்கமாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1711-இல் எடின்பரோவில் பிறந்தவர், 1776 ஆகஸ்ட் 25 அன்று அதே ஊரில் இறந்தவர். பதினெட்டு வயதில் தனக்குள் ஒரு புதிய சிந்தனை உலகம் திறந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதைத் தொடர்ந்து உழைத்து, உடல்நலம் குலைந்து, 1734-இல் ஒரு மருத்துவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். மனம் எப்படி ஓய்ந்துபோனது என்பதை ஒரு நோயாளி இவ்வளவு துல்லியமாக விவரித்த கடிதங்கள் அந்தக் காலத்தில் குறைவு. பெறுநர் பெயர் இல்லாததால் அது ஜார்ஜ் செய்னுக்கு எழுதியதா, ஜான் அர்பத்நாட்டுக்கு எழுதியதா என்ற வாதம் இன்றும் ஓடுகிறது. பிறகு பிரான்சுக்குப் போய், ‘மனித இயல்பு பற்றிய ஆய்வுரை’ என்ற நூலை எழுதினார். 1739 ஜனவரியில் முதல் இரண்டு பாகங்களும் 1740-இல் மூன்றாம் பாகமும் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தன. அது அச்சகத்திலிருந்தே உயிரற்றுப் பிறந்தது என்று பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். அதே கருத்துகளைச் செதுக்கி 1748-இல் வெளியிட்டதைத்தான் இன்று ‘மனித அறிவாற்றல் பற்றிய விசாரணை’ என்று அறிகிறோம். வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பணமும் புகழும் தந்தவை கட்டுரைகளும் இங்கிலாந்து வரலாறும்தான்.

உயிரோடிருக்கும்போதே அவரை வாசித்த முதல் தலைமுறை ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அவர் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளியவராகத் தெரிந்தார். அவர்களில் மதிப்புக்குரியவர் தாமஸ் ரீட். லாக் போட்ட அடித்தளத்தில் நின்று நேர்மையாகச் சிந்தித்தால் ஹ்யூம் போன இடத்துக்குத்தான் போகமுடியும், ஆகவே அடித்தளமே தவறு என்பது ரீடின் வாதம். மெய்யியலில் தம்மை ஹ்யூமின் மாணவன் என்றே எப்போதும் சொல்லிக்கொள்வதாக 1763-இல் அவருக்கு எழுதினார். எதிர்த்து எழுதும் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த வரி இது, மனம் நிறையும்படி இருக்கிறது. ஜேம்ஸ் பீட்டியிடம் அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஹ்யூமைத் தாக்கி 1770-இல் வந்த அவருடைய புத்தகம் சுடச்சுட விற்றது. 1775-இல் ஹ்யூம் தம் பதிப்பாளர் ஸ்ட்ரேஹனுக்கு ஒரு முன்னறிவிப்பை அனுப்பி, தொகுப்பு நூலில் சேர்க்கச் சொன்னார். இளமையில் எழுதிய அந்த ஆய்வுரையைத் தாம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை, இனி பிற்கால நூல்களை மட்டுமே தம் கருத்தாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். ரீடுக்கும் அந்த மூட பீட்டிக்கும் இதுவே முழுப் பதில் என்று கூட அனுப்பிய கடிதத்தில் எழுதினார்.

இந்த முன்னறிவிப்பு ஹ்யூம் ஆய்வாளர்களுக்குத் தீராத தலைவலி. நாம் இன்று வியந்து படிக்கும் நூல் அவரே கைகழுவிய நூல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டின் கதையும் ஒரு தாளில்தான் தொங்குகிறது. கோட்பாட்டு உறக்கத்திலிருந்து தன்னை எழுப்பியவர் ஹ்யூம் என்று 1783-இல் கான்ட் எழுதிய வரியைத் தத்துவம் தெரியாதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் கான்ட்டுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதே பொதுவான கருத்து. ‘விசாரணை’ 1755-இல் ஜெர்மனில் வந்துவிட்டது. ‘ஆய்வுரை’ வரவில்லை. அப்படியானால் அவரை எழுப்பியது எது? 1771-இல் ஹாமன் என்ற கான்ட்டின் நண்பர், ஆய்வுரையின் முதல் பாகத்து முடிவுரையை மட்டும் மொழிபெயர்த்து, ஹ்யூமின் பெயரைக்கூடப் போடாமல், ஓர் ஐயவாதியின் இரவுச் சிந்தனைகள் என்ற தலைப்பில் கோனிக்ஸ்பெர்க் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். கான்ட்டின் ஊர்ப் பத்திரிகை. மறு ஆண்டே பீட்டியின் புத்தகம், ஆய்வுரையிலிருந்து எடுத்த மேற்கோள்களோடு ஜெர்மனில் வந்தது. ஹ்யூம் வெறுத்த பீட்டி, ஹ்யூமின் கருத்தைக் கான்ட்டிடம் கொண்டுசேர்த்திருக்கலாம். கான்ட் எந்த ஆண்டு, எதைப் படித்து விழித்தார் என்பது கான்ட் ஆய்வாளர்களுக்கும் ஹ்யூம் ஆய்வாளர்களுக்கும் பொதுவான வழக்காக இன்றும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இடித்துத் தள்ளுபவர் சித்திரம் இன்னும் இறுகியது. 1874-இல் டி. எச். கிரீன், கிரோஸ் என்ற இருவர் ஹ்யூமின் நூல்களைப் பதிப்பித்தபோது கிரீன் மிக நீண்ட முன்னுரை எழுதினார். அனுபவவாதம் தன்னையே அழித்துக்கொள்ளும் என்பதற்குச் சாட்சியாக ஹ்யூமை நிறுத்தி, இனி கான்ட்டையும் ஹெகலையும் படியுங்கள் என்று இளைஞர்களை அனுப்பிவைப்பதுதான் அதன் நோக்கம். ஒருவரைத் தூக்கிப்போடுவதற்காகவே அவருடைய நூல்களை இவ்வளவு பாடுபட்டுப் பதிப்பித்ததை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

சித்திரத்தைத் திருப்பிப் போட்டவர் நார்மன் கெம்ப் ஸ்மித், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். 1905-இல் ‘மைண்ட்’ இதழில் ஹ்யூமின் இயற்கைவாதம் பற்றி இரண்டு கட்டுரைகளும், 1941-இல் முழு நூலும் எழுதினார். அறிவை ஒழிப்பது ஹ்யூமின் நோக்கமே இல்லை என்றார். மனிதன் எப்படி நம்புகிறான் என்பதை விளக்குவதுதான் நோக்கம். நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்று நம்புவதும் எதிரில் ஒரு மரம் இருக்கிறது என்று நம்புவதும் வாதத்தால் வந்த முடிவுகள் அல்ல. மூச்சு விடுவதைப் போல, உணர்வதைப் போல, இயற்கை நமக்குள் வைத்த ஏற்பாடு அது. ஐயவாதம் நம்பிக்கையை ஒழிக்க வரவில்லை. பகுத்தறிவு தன்னால் எது முடியாது என்று தெரிந்துகொள்ள உதவுகிறது, அவ்வளவுதான். பகுத்தறிவு உணர்ச்சிகளின் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று ஹ்யூம் எழுதிய பிரபலமான வரியை அறநெறிக்கு மட்டுமல்லாமல் அவருடைய அறிவுக் கோட்பாட்டுக்கும் சாவியாக கெம்ப் ஸ்மித் எடுத்துக்கொண்டார். கிளாஸ்கோ பேராசிரியர் ஹட்சசனின் அறநெறிச் சிந்தனையிலிருந்துதான் ஹ்யூம் புறப்பட்டார் என்றும், ஆய்வுரையின் பின் பாகங்களின் கருத்துகளே அவர் மனதில் முதலில் உருவாகியிருக்கவேண்டும் என்றும் அவர் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு ஹ்யூமை வெறும் ஐயவாதி என்று எழுதுபவர் அதற்குக் காரணம் சொல்லியாகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

இந்த இடைவெளியில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 1740-இல் லண்டனில் ஆறு பென்னி விலையில் ஒரு சிறு பிரசுரம் வந்தது. சமீபத்தில் வெளியான ‘மனித இயல்பு பற்றிய ஆய்வுரை’ என்ற நூலின் சுருக்கம் அது. ஆசிரியர் பெயர் இல்லை. யாரோ ஒரு மூன்றாம் மனிதர் அந்த நூலைப் படித்து வியந்து எழுதியது போன்ற நடை. அதே ஆண்டு மார்ச்சில் ஹட்சசனுக்கு எழுதிய கடிதத்தில் ஹ்யூம், “மிஸ்டர் ஸ்மித்” அந்தச் சுருக்கத்தை என்ன செய்தார் என்று இன்னும் தெரியவில்லை என்று குறிப்பிடுகிறார். 1846-இல் ஹ்யூமின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் ஹில் பர்ட்டன், இது ஆடம் ஸ்மித்தாக இருக்கும் என்று ஊகித்தார். கிளாஸ்கோவில் ஹட்சசனிடம் படித்துக்கொண்டிருந்த மாணவர், அப்போது வயது 16. பின்னாளில் பொருளியலின் தந்தையாகப்போகும் சிறுவன் ஹ்யூமின் நூலைச் சுருக்கி எழுதினான் என்பது கேட்கவே அழகான கதை. ஒரு நூற்றாண்டு அப்படியே போனது.

இதை முடித்துவைத்தவர்கள் இரண்டு பொருளியல் அறிஞர்கள், கெய்ன்ஸும் ஸ்ராஃபாவும். கெய்ன்ஸ் கையில் அந்தப் பிரசுரத்தின் பிரதி ஒன்று கிடைத்தது. இருவரும் உட்கார்ந்து படித்தார்கள். நடை ஹ்யூமுடையது, வாதம் ஹ்யூமுடையது. அந்த மிஸ்டர் ஸ்மித், ஹட்சசனின் நூல்களை வெளியிட்டுவந்த டப்ளின் புத்தக வியாபாரி ஜான் ஸ்மித்தாக இருக்கவேண்டும் என்றார்கள். 1938-இல் கேம்பிரிட்ஜில் அதை மறுபதிப்புச் செய்தார்கள். தன் புத்தகம் விற்கவில்லையே என்று தானே அதற்கு ஒரு மதிப்புரை எழுதிக்கொண்ட இளைஞனின் தவிப்பு அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

ஆய்வுக்கு அதனால் என்ன லாபம்? தன் நூலில் எது முக்கியம் என்று ஹ்யூமே நினைத்தார் என்பது கைக்கு வந்தது. எல்லாவற்றையும் சுருக்க இடமில்லை என்று சொல்லி, ஒரு வாதத்தை மட்டும் எடுத்து விரிக்கிறார். மேசைமேல் ஒரு பில்லியர்ட்ஸ் பந்து கிடக்கிறது, இன்னொன்று வேகமாக அதை நோக்கி வருகிறது, மோதுகிறது, கிடந்தது நகர்கிறது. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயைத் தட்டுவதை ஆயிரம் தடவை பார்த்த நமக்கு, தட்டுவதற்கு முன்பே காய் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடுகிறது. அந்தத் தெரிதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் ஹ்யூமின் கேள்வி. இப்போதுதான் படைக்கப்பட்ட ஆதாம், முழு அறிவாற்றலோடு, ஆனால் அனுபவமே இல்லாமல் அங்கே நிற்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். முதல் பந்தின் ஓட்டத்தை மட்டும் பார்த்து, இரண்டாவது பந்து நகரும் என்று ஆதாமால் சொல்லமுடியுமா? முடியாது. அது அப்படியே நிற்கலாம், முதல் பந்து திரும்பி வரலாம், எதை நினைத்தாலும் முரண்பாடு எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்த பழக்கம்தான் நம்மை எதிர்பார்க்கவைக்கிறது.

இங்கே ஒரு சுவையான முடிச்சு. அதே சுருக்கத்தின் முடிவில், இந்த நூலாசிரியருக்குப் புதிதாகக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் எதனாலாவது தகுமானால், எண்ணங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விதியை அவர் பயன்படுத்திய விதத்தால்தான் என்கிறார். இன்று எந்தப் பாடப்புத்தகமும் ஹ்யூமின் சாதனை என்று அதை முன்னால் வைப்பதில்லை. மனதின் நியூட்டன் ஆகவேண்டும் என்பது அந்த இளைஞனின் கனவாக இருந்தது.

பந்துகளை விட்டு இன்னும் கிளம்ப முடியாது, ஏனென்றால் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஹ்யூம் ஆய்வில் நடந்த மிகப் பெரிய சண்டை அந்த மேசையைச் சுற்றித்தான். பழைய வாசிப்பு இது: உலகத்தில் காரண சக்தி என்று எதுவும் கிடையாது, ஒன்றன்பின் ஒன்று தவறாமல் வருகிறது, அவ்வளவுதான் என்று ஹ்யூம் சொன்னார். அனுபவத்தால் சோதிக்கமுடியாத பேச்சுக்குப் பொருளில்லை என்ற இருபதாம் நூற்றாண்டுத் தருக்கப் புலனறிவாதிகள் அவரைக் கொண்டாடியது இதற்காகத்தான். 1980-களில் ஜான் ரைட், எட்வர்ட் கிரெய்க், கேலன் ஸ்ட்ராசன் மூவரும் தனித்தனியே இதை மறுத்தார்கள். ஹ்யூம் மறுத்தது காரண சக்தியை நாம் அறியமுடியும் என்பதை மட்டுமே. அப்படி ஒன்று இருக்கிறது என்பதை அவர் மறுக்கவே இல்லை என்றார்கள். இந்த வாசிப்புக்கு ‘புதிய ஹ்யூம்’ என்று பெயர் விழுந்தது. 1991-இல் கென்னத் விங்க்ளர் அதே தலைப்பில் எழுதிய எதிர்க்கட்டுரைதான் பெயரை நிலைக்கவைத்தது.

புதிய ஹ்யூம் பக்கத்தாரின் கையில் வலுவான வரிகள் இருக்கின்றன. ரொட்டி பசியாற்றுகிறது, ஆனால் அதன் நிறமும் பதமும் மட்டுமே நமக்குத் தெரிகிறது, எந்த ரகசிய சக்தியால் அது உடலை வளர்க்கிறது என்பதை இயற்கை மறைத்துவைத்திருக்கிறது என்று ‘விசாரணை’யின் நான்காம் பிரிவில் ஹ்யூமே எழுதுகிறார். இல்லாத ஒன்றை இயற்கை எப்படி மறைக்கும்? அப்புறம் 1754-இல் ஜான் ஸ்டூவர்ட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. காரணம் இல்லாமல் ஏதாவது தோன்றும் என்ற அபத்தத்தை நான் ஒருபோதும் சொன்னதில்லை என்று அதில் கொஞ்சம் கோபத்தோடேயே எழுதுகிறார். அது பொய் என்ற நம் உறுதி உள்ளுணர்விலிருந்தோ நிரூபணத்திலிருந்தோ வரவில்லை, வேறொரு மூலத்திலிருந்து வருகிறது என்று மட்டுமே தாம் சொன்னதாக விளக்குகிறார்.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ரகசிய சக்தி என்று எழுதிய அதே பிரிவில், சக்தி என்ற சொல்லை இங்கே தளர்வாக, மக்கள் வழக்கில் பயன்படுத்துகிறேன், சரியான விளக்கத்துக்கு ஏழாம் பிரிவைப் பார்க்க என்று ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார். ஏழாம் பிரிவுக்குப் போனால், மனப்பதிவு எதிலிருந்தும் வராத சொல்லுக்குப் பொருளே இல்லை என்கிறார். ஸ்டூவர்ட் கடிதமும் இவர்கள் கண்ணில் செல்லாது: எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பது ஒன்று, அந்தக் காரணத்துக்குள் மறைந்த ஒரு பிணைப்பு உண்டு என்பது வேறொன்று. எனக்கு இந்தப் பக்கத்தில் மிகவும் கனமாகத் தோன்றும் வாதம் பீட்டர் மில்லிகன் வலியுறுத்துவது. மனித விருப்பாற்றலைப் பற்றிப் பேசும்போது, பந்துகளுக்கு எந்த அளவு நியதி உண்டோ அதே அளவு நியதி மனிதச் செயலுக்கும் உண்டு என்று ஹ்யூம் வாதிடுகிறார். எப்படி? நியதி என்றால் தவறாமல் சேர்ந்து வருவதும் அதிலிருந்து நாம் ஊகிப்பதும் மட்டுமே, இரண்டும் மனிதச் செயலிலும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறார். பந்துக்குள் நாம் அறியாத ஏதோ ஒரு சக்தி உண்டு என்று அவர் உள்ளுக்குள் நம்பியிருந்தால் இந்த வாதம் அப்படியே சரிந்துவிடும். எதிராளி, உன் பந்தில் இருக்கும் அந்தக் கூடுதல் சங்கதி என் மனதில் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இதற்குப் புதிய ஹ்யூம் தரப்பு சொன்ன பதில்கள் எதுவும் எனக்கு நிறைவாகப் படவில்லை. அதே நேரம், அவர்கள் கேட்ட பிறகுதான் ஹ்யூமின் தளர்வான சொற்களையும் இறுக்கமான சொற்களையும் எல்லாரும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அனுபவத்திலிருந்து பொதுவிதிக்குப் போவது பற்றிய பிரபலமான சிக்கலிலும் இதே போன்ற திருத்தம் நடந்தது. 1997-இல் டான் கேரட், நம் ஊகங்கள் நியாயமற்றவை என்று ஹ்யூம் தீர்ப்புச் சொல்லவில்லை, அவை மனதின் எந்தப் பகுதியிலிருந்து பிறக்கின்றன என்றே ஆராய்கிறார் என்று வாதிட்டார். மறுத்தவர்களும் நிறையப் பேர்.

‘நான்’ என்பதைப் பற்றிய பகுதிக்கு வருவோம். எனக்குள் எவ்வளவு ஆழமாகப் பார்த்தாலும் சூடோ குளிரோ, வெளிச்சமோ நிழலோ, விருப்போ வெறுப்போதான் தட்டுப்படுகிறது, என்னை நான் தனியாகப் பிடித்ததே இல்லை என்று ஆய்வுரையில் ஹ்யூம் எழுதினார். மனிதன் என்பவன் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் உணர்வுகளின் ஒரு கட்டு. 1740-இல் மூன்றாம் பாகத்தோடு வந்த பின்னிணைப்பில், அந்தப் பகுதியைத் திரும்பப் பார்த்தால் வெளியேற வழி தெரியாத சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறார். எது சரியில்லை என்று தெளிவாகச் சொல்லவில்லை. சில பத்திகள்தான். அவற்றுக்கு வந்திருக்கும் விளக்கங்கள் டஜன் கணக்கில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை.

இந்தக் கருத்து, நிலையான ‘நான்’ என்று ஒன்று இல்லை என்னும் பௌத்தத்தின் அனாத்மக் கொள்கைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது பலரும் கவனித்ததுதான். 2009-இல் உளவியல் அறிஞர் அலிசன் கோப்னிக் ‘ஹ்யூம் ஸ்டடீஸ்’ இதழில் ஒரு படி மேலே போனார். ஹ்யூம் 1735 முதல் 1737 வரை பெரும்பாலும் தங்கியிருந்த ஊர் லா ஃப்ளேஷ். அங்கே இயேசு சபையாரின் பெரிய கல்லூரி இருந்தது, தெகார்த் படித்த கல்லூரி. அதன் தாழ்வாரத்தில் ஒரு பாதிரியாரோடு பேசிக்கொண்டு நடந்தபோதுதான் அற்புதங்களுக்கு எதிரான தன் வாதம் முதலில் தோன்றியது என்று ஹ்யூம் 1762-இல் ஜார்ஜ் கேம்பலுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கல்லூரியில் அந்த ஆண்டுகளில் வாழ்ந்த முதியவர்களில் ஒருவர் சார்ல் பிரான்சுவா டோலு. 1687-இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போனவர். அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் நம் பாண்டிச்சேரிக்கு வந்து பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். 1700-இல் பாண்டிச்சேரியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இயேசு சபையாரின் கடிதத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. திபெத்தில் தங்கி பௌத்த நூல்களைக் கற்ற இப்போலிட்டோ தெசிதெரியும் 1727-இல் லா ஃப்ளேஷுக்கு வந்துபோனார்.

ஆகவே பௌத்தம் பற்றித் தெரிந்த ஒருவரோடு ஹ்யூம் பேசியிருக்க வாய்ப்பு இருந்தது. கோப்னிக் சொல்வதும் அந்த அளவுதான், அதற்குமேல் போகவில்லை. டோலுவும் ஹ்யூமும் சந்தித்ததற்கு நேரடி ஆதாரம் எதுவும் இல்லை. பாண்டிச்சேரி என்றதும் நமக்கு ஆர்வம் கூடுவது இயல்பு. ஆனால் டோலு அங்கே பார்த்ததும் மோதியதும் இந்து வழிபாட்டோடு. பௌத்தத்தைப் பற்றி அவர் ஏதாவது கற்றிருந்தால் அது சயாமில்தான். ஹ்யூமின் வாதத்தைப் படிப்படியாகப் பார்த்தால் அதற்குத் தேவையான எல்லாமே லாக்கிலும் மால்பிரான்ஷிலும் பேலிலும் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தாலும் தத்துவ வரலாற்றை ஐரோப்பிய அறைக்குள்ளேயே வைத்துப் பேசும் பழக்கத்தை அந்தக் கட்டுரை கேள்வி கேட்டது. அந்த வகையில் அது வந்திருக்கவேண்டிய கட்டுரைதான்.

சரி, தள்ளிவைத்த தலைவலிக்கு வருவோம். ஆய்வுரையா, விசாரணையா? கெம்ப் ஸ்மித் காலம் முதல் பெரும்பாலோர் ஆய்வுரையையே மையமாக வைத்தார்கள். ஆசிரியரின் விருப்பம் எப்படியிருந்தாலும் ஆழம் அங்கேதான் என்றார்கள். விசாரணையை எளிய மறுபதிப்பு போல நடத்தினார்கள். ஹ்யூமின் முன்னறிவிப்பை அப்படியே நம்பவேண்டும் என்பவர் மில்லிகன். 2015-இல் அறிவுலக வாழ்க்கை வரலாறு எழுதிய ஜேம்ஸ் ஹாரிஸ் கேள்வியையே மாற்றினார். தத்துவத்தைத் தோல்வியால் கைவிட்டு வரலாற்றுக்கு ஓடியவர் இல்லை ஹ்யூம். எதைப் பற்றியும் தத்துவ நோக்கோடு எழுதத் தெரிந்த, எழுத்தாலேயே வாழ்ந்த மனிதர் அவர், ஆய்வுரை அந்த வாழ்வின் முதல் நூல் மட்டுமே என்றார். இதற்கும் அடியில் தாள் ஆய்வு இருக்கிறது. ஹ்யூமின் வாசிப்புக் குறிப்புகள் சில ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. 1948-இல் ஹ்யூமின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் மாஸ்னர் அவற்றை வெளியிட்டபோது 1729-இலிருந்து எழுதியவை என்று எடுத்துக்கொண்டார். ஆகவே அவை ஆய்வுரைக்கான தயாரிப்பாகப் பார்க்கப்பட்டன. எம். ஏ. ஸ்டூவர்ட் தாளையும் கையெழுத்தையும் ஒப்பிட்டு, அவை 1740-களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். தேதி பத்தாண்டு நகர்ந்ததும் அவை ஆய்வுரைக்குப் பின்னால் வந்த கட்டுரைகளுக்கான குறிப்புகளாகிவிட்டன. வணிகமும் பணமும் பண்டைய மக்கள்தொகையும் அவற்றில் ஏன் அவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பது இப்போது புரிகிறது.

தாள்கள் எப்போதும் நாம் விரும்பும் ஹ்யூமைத் தருவதில்லை. தேசிய குணங்கள் பற்றிய தன் கட்டுரைக்கு அவர் 1753-இல் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார். கறுப்பின மக்கள் இயல்பிலேயே வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று தாம் சந்தேகிப்பதாக அதில் எழுதினார். ஜமைக்காவில் கல்வியறிவு மிக்கவர் என்று பேசப்பட்ட ஒரு கறுப்பின மனிதரைச் சில சொற்களைத் தெளிவாகச் சொல்லும் கிளியோடு ஒப்பிட்டார். பீட்டி 1770-இல் இதைக் கடுமையாக மறுத்தார், இந்த விஷயத்தில் பீட்டி சொன்னதுதான் சரி. ஹ்யூம் கடைசியாகத் திருத்தி, இறந்தபின் 1777-இல் வந்த பதிப்பில் குறிப்பின் சொற்கள் மாறியிருக்கின்றன. ஆப்பிரிக்கர்களைப் பற்றிய தீர்ப்பு மட்டும் மாறவில்லை. அனுபவத்தை மீறி முடிவுகட்டாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், மறுப்பு வந்த பிறகும் இதை விடவில்லை. 2014-இல் ஃபீலிக்ஸ் வால்ட்மன் பதிப்பித்த கடிதங்களில், மேற்கிந்தியத் தீவுத் தோட்டங்கள் வாங்கும் பேரத்தில் சேரும்படி 1766-இல் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவை ஹ்யூம் தூண்டும் கடிதமும் இருக்கிறது. அடிமைகளின் உழைப்பில் ஓடிய தோட்டங்கள். பண்டைய உலகின் அடிமை முறையைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவரும் இதே ஹ்யூம்தான். 2020 செப்டம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் டேவிட் ஹ்யூம் கோபுரம் என்ற கட்டடத்தின் பெயரை எடுத்துவிட்டு, ஜார்ஜ் சதுக்கம் 40 என்று அழைக்கத் தொடங்கியது. அவர் தத்துவத்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது நிற்கவில்லை. அந்த அடிக்குறிப்பு அவருடைய மனிதஇயல்புக் கோட்பாட்டோடு ஒட்டியதா, அதற்கு முரணானதா என்பது இப்போது தனி ஆய்வுப் பொருள். என் பார்வையில் முரணானது. ஆனால் முரண் என்று சொல்லிக் கடந்துபோவது போதாது, அதை எழுதிய கையும் அதே கைதான்.

இன்று இந்த ஆய்வுக்கென்று 1974-இல் தொடங்கிய சங்கமும் மறு ஆண்டு தொடங்கிய இதழும் இருக்கின்றன. நார்ட்டன் தம்பதி 2007-இல் கொண்டுவந்த ஆய்வுரையின் செம்பதிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் எண் உண்டு; யாரும் எந்தப் பதிப்பிலிருந்தும் அதே வரியைக் கண்டுபிடிக்கலாம். மில்லிகனும் அமியாஸ் மெரிவேலும் ஹ்யூமின் முக்கிய நூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால், அந்த ஆறு பென்னிச் சுருக்கத்தில் தொடங்குங்கள் என்பேன். ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து ‘விசாரணை’யின் நான்காம், ஐந்தாம், ஏழாம் பிரிவுகள், அடிக்குறிப்புகளை விடாமல். அதற்குப் பிறகு ஆய்வுரையின் முதல் பாகத்து முடிவுரை, ஹாமன் பத்திரிகையில் போட்ட அதே பக்கங்கள்.